நாலு செடி

கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு பிலோமி அடுத்த தேயிலைச் செடிக்குக் கை நீட்டியபோது, அடியிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

முகமெல்லாம் கரி. தொப்பியில் செருகிய தேயிலைக் கிளை. கன்னத்தில் ஓர் அட்டை ரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது.

அவள் பெற்ற பிள்ளை, செலஸ்டின்.

"கத்திடாதேம்மா. நீ பாட்டுக்கு எப்பவும் போலப் பறிச்சுட்டுப் போ."

வெலிங்டன் பட்டாளத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்று எஸ்டேட்டில் பயிற்சிச் சண்டை என்று காலையிலேயே மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒரு கட்சி பேக்டரியைக் காவல் காக்கும். இன்னொரு கட்சி ஒளிந்து வந்து, மின்னலாய்ப் புகுந்து, பாய்லர் கதவில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும்.

பத்து மணிச் சங்கு ஊதும். பெண்கள் கொழுந்து நிறுக்கப் போவார்கள். அந்தச் சந்தடியில்தான் ரெய்டு.

"கோடு போட்டுட்டா அடுத்த வாரமே பார்டர்தான்! மாட்டிக்கிட்டா இங்கியே கிடந்து இன்னும் ஆறு மாசம் லெப்ட் ரைட்டு."

சொல்லும்போதே அவன் பல் பளிச்சென்று தெரிந்தது.

அது எழுபத்தொன்றாம் வருட நவம்பர். கிழக்கே சண்டை மூளப் போகிறதென்று கேன்டீன் ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய சண்டைக்கு மூத்தவன் போனான். அவனுடைய இரும்புப் பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

பிலோமி இடுப்பிலிருந்த புகையிலையைக் கசக்கி அட்டையின் மேல் வைத்தாள். அது சுருண்டு விழுந்தது.

பிறகு நகர்ந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில், கையில் சிவப்புத் துணி கட்டிய காவல் கட்சி ஹவில்தார் வந்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் பட்டாளத்துப் பசங்க யாராச்சும் ஒளிஞ்சு வந்தாங்களா?"

"எங் கண்ணுக்குக் கொழுந்து மட்டுந்தானுங்க தெரியும்."

பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள். ஹவில்தாரும் சிரித்துவிட்டு, மேலே பாறையில் ஏறி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

சங்கு ஊதக் கால் மணி நேரம் இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. இரண்டு சிப்பாய்கள், வேறெங்கும் தேடாமல், நேராக நடந்து போய்ச் செலஸ்டினைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கைகளைத் தலைமேல் வைத்தபடி அவன் அவளைக் கடந்து போனான். முகம் சுருங்கிக் கிடந்தது.

"நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும்மா. எப்படித்தான் கண்டுபிடிச்சாங்களோ!"

பிலோமி முந்தானையால் அவன் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு மேஸ்திரி வெள்ளியங்கிரி கத்திக்கொண்டே வந்தார்.

"என்ன பிலோமி இது? இருபத்திரண்டு வருசத்துல உன் நிரையில ஒரு கொழுந்து தப்புனதில்லை. அங்க பாரு!"

பறித்து முடித்த சரிவு முழுக்கக் கரும்பச்சையாய்க் கிடந்தது. நடுவில், செலஸ்டின் படுத்திருந்த இடத்தில் மட்டும், கைக்குட்டையைக் காயப்போட்டதுபோல், பறிக்காத கொழுந்தின் இளம்பச்சை. நாலு செடி. மேலேயிருந்து யார் பார்த்தாலும் தெரியும்.

"வயசாயிடுச்சுங்களே" என்றாள் பிலோமி.

திரும்பிப் போய் அந்த நாலு செடியையும் பறித்தாள். ஒரு கொழுந்து விடாமல்.