நவாலா, வினாலா

“இந்தச் சொல் பிழை. மாற்று” என்று ஆங்கிலத்தில் மறுபடியும் சொன்னார் தொப்பி போட்ட கிழவர்.

கையால் காட்டவில்லை. உதட்டைக் குவித்துத் திரையைக் காட்டினார். பிலிப்பைன்ஸ்காரர்கள் அப்படித்தான். மரிவிக் முதல்நாள் எனக்கு அப்படிக் கதவைக் காட்டியபோது, இவள் என்ன என்னைக் கொஞ்சப் பார்க்கிறாளோ என்று திகைத்துப் போனேன்.

இந்த வேலையைத் தந்ததே மரிவிக்தான். ஓய்வுபெற்ற நேர்ஸ். என்னைவிட எவ்வளவோ மூத்தவள், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று சட்டம் போட்டவள். இன்று பின்னேரம் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் அவர்களுடைய சங்கம் திறக்கப்போகும் தொடுதிரையை நான்தான் செய்தேன்.

மணிலாவின் வரைபடம் அது. ஒரு தெருவைத் தொட்டால், இராணுவச் சட்டக் காலத்தில் அங்கே பிடிபட்ட ஒருவரின் முகம் எழும்பி வரும். முகத்தைத் தொட்டால் வீட்டார் பேசுவார்கள்.

முதல் முகம் டான்டே, மரிவிக்கின் அண்ணன். கல்லூரி மாணவன், சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கச் சிரிக்கிறான். அவனைப் பற்றி மரிவிக் பேசிய பதிவில் ஒரே ஒரு சொல்லை என்னைக்கொண்டு வெட்டுவித்தாள். அவன் அவளைக் கூப்பிடும் பட்டப்பெயர். புலிலித். குள்ளச்சி என்று அர்த்தமாம். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லையாம். ஊருக்கெல்லாம் அது வேண்டாம், கேட்டால் அவன் வாயால்தான் கேட்பேன் என்று அழுதாள்.

டான்டேயின் முகத்துக்குக் கீழே ஒரு சொல்தான் இருக்கிறது. வினாலா.

அந்தச் சொல்லில்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். அவர்கள் மொழியில் நவாலா என்றால் காணாமல் போனவர். வினாலா என்றால் காணாமல் ஆக்கப்பட்டவர். அவள் விளக்கத் தொடங்கவே நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். இதை எனக்கா விளக்கவேண்டும்? என் சின்னண்ணை போர்க்காலத்தில் கொடிகாமச் சந்திக்குப் போய்த் திரும்பாதவர். சைக்கிள் மட்டும் சந்தியில் இருந்தது. வீட்டில் யாராவது வாய் தவறிக் ‘காணாமல் போனவர்’ என்றால் போதும், அம்மா கத்தத் தொடங்கிவிடுவார்: “அவன் போகேல்லையடி, கொண்டு போனவங்கள்!”

இந்தக் கிழவரோ வினாலாவை நவாலா ஆக்கச் சொல்கிறார். அதுவும் டான்டேக்கு மட்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார் இந்த ஆள்? பெயர் கேட்டேன், சொல்லவில்லை. சங்கத்தவரா என்றேன், மறுபடியும் உதட்டால் திரையைக் காட்டினார். மண்டபம் திறக்க முன்னமே பின்கதவால் வந்திருக்கிறார். அங்கே இராணுவச் சட்டம் கொண்டுவந்த சர்வாதிகாரியின் மகனே இன்றைக்கு ஜனாதிபதி. அது பொற்காலம் என்று வீடியோ போடவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மரிவிக் தலையில் அடித்துக்கொள்வாள். காணாமல் ஆக்கப்பட்டோருக்காக நாங்கள் நடத்தும் ஆர்ப்பாட்டங்களிலும் ஓரமாக நின்று எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு போகிற ஒருவர் இருப்பார். அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன் என்றேன். அவனை யாரும் பிடிக்கவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும், நீர்தான் பிடிக்கப் போன ஆளோ என்றும் கேட்டேவிட்டேன்.

கிழவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. செய்யாதவன் என்றால் துள்ளியிருக்க வேண்டாமா?

அவர் மெல்லக் கையை நீட்டி டான்டேயின் முகத்தைத் தொட்டார். மரிவிக்கின் குரல் பேசியது. அண்ணன் தன்னைத் தோளில் வைத்து வெள்ளத்தைக் கடந்து பள்ளிக்கூடம் கொண்டுபோன கதை. முடியும்வரை தலையைக் குனிந்து கேட்டார். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வாசல் பக்கம் மரிவிக்கின் சிரிப்புக் கேட்டது. கிழவர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுப் பின்கதவுக்கு விறுவிறுவென்று நடந்தார். பார்த்தாயா, குட்டு வெளிப்படப் போகிறது என்றதும் ஓடுகிறார்!

கதவைத் திறந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“புலிலித் உன்னை ஏசுவாள். ஏசட்டும், நீ மாற்று. அவனை ஒருவரும் பிடிக்கவில்லை.”

கதவு சாத்திக்கொண்டது.

மரிவிக் உள்ளே வந்தாள். வழக்கம்போல முதலில் திரையில் அண்ணனின் கன்னத்தைத் தொட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். ஏன் பேயறைந்த மாதிரி நிற்கிறாய், யார் வந்தது என்று கேட்டாள்.

நான் உதட்டைக் குவித்துப் பின்கதவைக் காட்டினேன்.

யாரோ சங்கத்து ஆள் என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போனாள்.

கைபேசி அடித்தது. அம்மா. திறப்பு விழா வேலை எப்படிப் போகிறது என்று கேட்கத்தான் எடுத்திருப்பார்.

அடிக்க விட்டேன். எடுத்தால், அன்றைக்குச் சந்தியில் சின்னண்ணையின் சைக்கிள் விழுந்து கிடந்ததா, பூட்டி நின்றதா என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.