வாரிசுகளின் சம்மதம்

குடும்ப அறக்கட்டளையின் சொத்தில் ஒரு செங்கல்லை எடுப்பதானாலும், இனிமேல் பிறக்கப்போகும் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். பொள்ளாச்சியில் மாமனார் எழுதிவைத்துப் போன விதி அது. கூடத்துச் சுவரில் இருந்த கருவி வழியாக, எதிர்காலத்திலிருந்து அவர்கள் பேசுவார்கள். இன்னும் பிள்ளை பெறாத மருமகள் கோகிலவாணியை, வாய் நிறையக் கொள்ளுப்பாட்டி என்று கூப்பிடுவார்கள்.

அன்று அவள் தன் இதய ஆபரேஷனுக்காகத் தென்னந்தோப்பை விற்கச் சம்மதம் கேட்டாள்.

"தோப்பு எங்களுக்கு வேணுமுங்க," என்றது ஒரு பிஞ்சுக் குரல்.

"நானே செத்துப்போயிட்டா நீங்க எப்படிக் கண்ணு பொறப்பீங்க?"

கருவி ஒருமுறை கரகரத்தது; அதே பிஞ்சுக் குரல் மறுபடி வந்தது.

"எங்க கொள்ளுப்பாட்டி பேரு ரேணுகா. நீங்க யாருங்க?"

கோகிலவாணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தியமா வாணி," என்றான் தனசேகர், "ரேணுகான்னு எனக்கு இன்னும் யாரையும் தெரியாது."