டியூப்லைட் பல்லியின் பாட்காஸ்ட்

அப்போதுதான் வால் முழுசாக வளர்ந்திருந்த ஒரு பல்லி, டியூப்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்காஸ்ட் ஆரம்பித்தது. சவுண்டைப் பார்த்துக்கொண்டது அதன் நண்பன் எலி.

முதல் விருந்தாளி கரப்பான். "அணுகுண்டே போட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றது.

"ச்சு ச்சு" என்றது பல்லி.

பேச்சுக்கு நடுவே பல்லி கத்தினால் சொன்னது சத்தியம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சந்தாதாரர்கள் குவிந்தார்கள். மறுநாள் கரப்பான் ஒரு செருப்படியில் போய்ச் சேர்ந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"டேய், வர்றவங்க கிட்ட ஒரு கேள்வியாவது கேளேன்டா" என்றது எலி.

"குறுக்கே பேசினா அடுத்து யாருடா வருவாங்க? நீ சவுண்டைப் பாரு."

அடுத்து வந்தது பூனை. "என்னைப் பத்தி சொல்றதெல்லாம் வதந்தி, தம்பி. எனக்கு எலின்னாலே அலர்ஜி. பக்கத்துல வந்தா தும்மல்தான்."

பல்லி எலியைப் பார்த்தது. பிறகு ஏறிக்கொண்டே போகும் கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தது.

"ச்சு ச்சு."

'பல்லியே சொல்லிடுச்சே' என்று எலிக்கு மனசு இளகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பூனைக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனது.

அந்த எபிசோட் சக்கைப்போடு போட்டது. இப்போதெல்லாம் சவுண்டையும் பல்லியே பார்த்துக்கொள்கிறது.