பாட்டில் பரேடு

மயங்கி விழுந்தது லாவண்யா. அடிபட்டது என்னவோ சீனிவாசராகவனுக்குத்தான்.

பொம்மசந்திராவில் சட்டை தைக்கிற கம்பெனி அது. ஏப்ரல் வெயில், தலைக்கு மேலே தகரக் கூரை. காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து மிச்சக் காலரையும் தைக்க உட்கார்ந்துவிட்டாள், அது வேறு விஷயம்.

சேஃப்டி ஆபீசர் சீனிவாசராகவனை ஜி.எம். கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு ஆள் விழுந்தா உங்க சீட்டும் விழும், ராகவன். என்ன பண்ணுவீங்களோ தெரியாது, எல்லாரையும் தண்ணி குடிக்க வைங்க."

ஐம்பத்து நாலு வயசு. இதற்கு மேல் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளே எண்பத்து நாலு பெண்களுக்கும் ஆளுக்கொரு ரெண்டு லிட்டர் பாட்டில் வந்தது. மூடியில் பெயர்கூட எழுதியிருந்தது.

"காலையில ரொப்பித் தருவோம். சாயங்காலம் கேட்ல காலியா காட்டணும். மிச்சம் வெச்சவங்க பேரு போர்டுல வரும்" என்றார்.

குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள்கூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு பாட்டில் பரேடு ஆரம்பித்தது. சீனிவாசராகவன் கேட்டில் நின்றுகொண்டு, "உல்டா மாடி, உல்டா மாடி" என்று கன்னடத்தில் கவிழ்க்கச் சொல்வார். ஒவ்வொருத்தியும் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போவாள். ஒரு சொட்டு விழ வேண்டுமே! மூன்று நாளும் நூற்றுக்கு நூறு. ஜி.எம். கை குலுக்கினார். சீனிவாசராகவன் வீட்டுக்குப் போய், வெறும் ரசம் சாதத்தைக்கூட விருந்து மாதிரிச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் பரேடு முடிந்து வெளியே போன லாவண்யா, பஸ் பிடிக்க சர்வீஸ் ரோட்டைக் கடக்கும்போது நட்டநடு ரோட்டில் விழுந்தாள். வந்த லாரி பிரேக் போட்டு ஒரு முழம் தள்ளி நின்றது.

ரோட்டில் விழுந்தது கம்பெனிக் கணக்கில் வராது என்றுதான் சீனிவாசராகவனுக்கு முதலில் தோன்றியது. தோன்றின மறு நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. லாரிக்காரன் கொஞ்சம் அசந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்?

ஆட்டோவில் அவரே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "காலையிலேர்ந்து ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிருந்தா அதிகம்" என்றார்.

"இல்லியே டாக்டர், ரெண்டு லிட்டர். நானே காலி பாட்டிலைப் பார்த்தேன்."

"பாட்டில் காலியா இருக்கலாம் சார். இவங்க உடம்பும் காலியாத்தான் இருக்கு."

சீனிவாசராகவனுக்குச் சுருக்கென்றது. தண்ணீரெல்லாம் எங்கேதான் போகிறது?

மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் பதுங்கினார். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மூன்று மணியிலிருந்து காவல். நடுவில் இரண்டு தடவை ஆபீசுக்குள் ஓடிப்போய்ப் பாத்ரூம் போய்விட்டு வந்தார். வெயிலுக்கு அவர் தண்ணீர் நன்றாகவே குடிப்பார்.

நாலரைக்கு, வெட்டுத்துணி அள்ளுகிற ரத்தினம்மாள் தள்ளுவண்டியோடு பின்பக்கம் வந்தாள். வண்டி நிறைய பாட்டில்கள். ஒவ்வொன்றாகத் திறந்து காம்பவுண்டு ஓரத்துப் பாதாம் மரத்துக்கு ஊற்றினாள். அடிக்கிற வெயிலில் ஊரில் உள்ள மரமெல்லாம் வாடிக் கிடக்க, அது மட்டும் தளதளவென்று இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன ரத்தினம்மா இது?"

அவள் பதறவே இல்லை. கையில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தண்ணி ஊத்தறேன் சார்."

"அது தெரியறது. குடிக்கறதுக்குன்னா கொடுத்தோம்? ஒருத்தரும் குடிக்கறதில்லையா?"

"நாக்கு நனையறதுக்கு ஒரு வாய் குடிக்கறாங்க சார். அதுக்கு மேல குடிச்சா பாத்ரூம் வருமே."

"வந்தா போயிட்டு வரது. யாரு வேணாம்னா?"

"டோக்கன் இல்லாம உடமாட்டாங்களே சார். லைனுக்கு ஒரே டோக்கன், இருபத்தெட்டுப் பொம்பளைங்க. ஒருத்தி போயிட்டு வந்து குடுத்தாத்தான் அடுத்தவ எழுந்திருக்கலாம். நம்ம முறை வரதுக்குள்ள உசுரு போயிடுது. அடக்கி அடக்கி ஷோபாவுக்கு நீர்க்கடுப்பே வந்துடுச்சு. அந்த அவஸ்தைக்கு, தாகத்தோட இருக்கறது மேலு சார்."

டோக்கன் என்றதும் சீனிவாசராகவனின் சுருதி கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஆபீசர் ஆபீசர்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ குடிக்கலேன்னு நேராச் சொல்லியிருக்கணும். லாவண்யா லாரி அடியில போகப் பார்த்தா, தெரியுமோல்லியோ? காலி பாட்டிலைக் காட்டி என்னை எதுக்கு ஏமாத்தணும்?"

"ஏமாத்தறதா? நல்லா கேட்டீங்க சார்." ரத்தினம்மாளுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. "பாட்டில் காலியாகலேன்னா உங்க வேலை போயிடும்னு பியூன் டொமினிக் வந்து சொன்னாரு. மூணு லைன் பொம்பளைங்களும் கூடிப் பேசித்தான் சார் இந்த முடிவுக்கு வந்தோம். புள்ளகுட்டிக்காரரு, பாவம், அந்த டோக்கனைக் கொண்டாந்ததைத் தவிர நமக்கு வேற என்ன கெடுதல் பண்ணிட்டாருன்னு."