செய்தவர் பொறுப்பல்ல

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, துறைமுகச் சாலை மேம்பாலத்தின் கீழ், ஆளில்லாக் காவல் விமானம் ஒன்று ஒரு பிளம்பரைச் சுட்டுக் கொன்றது. அவர் தோளில் இருந்தது பிளாஸ்டிக் குழாய்.

விசாரணைக் கூடத்தில் பிளம்பரின் மைத்துனன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “வெளியே வா வக்கீலே, உன்னைத் தீர்த்துக்கட்டாம விடமாட்டேன்!” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இரண்டு காவலர்கள் ஓடிவந்தார்கள்.

“உக்காருடா. நீ கத்தினது போதும், நான் பேசிக்கறேன்” என்றாள் அவன் அக்கா, பிளம்பரின் மனைவி.

பாதுகாப்புத் துறை வக்கீலுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவளாம். விரல்களில் சூட்டுத் தழும்புகள். நிதானமானவள், பேசி அனுப்பிவிடலாம்.

“சார், சுடச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலைம்மா. மெஷினே பார்த்துச்சு, மெஷினே முடிவெடுத்துச்சு.”

“நடுவுல ஒரு மனுஷன்கூடவா இல்லை?”

“இருந்தாங்க. லேட்டாகுதுன்னு எடுத்துட்டாங்க.”

“அந்த மெஷினைச் செஞ்சவங்க?”

“செஞ்சாங்க, பறக்கவிட்டாங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது யாரைச் சுடும்னு செஞ்சவருக்கே தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஒருத்தரை எப்படிம்மா தண்டிக்கறது?”

அவள் சொன்னாள்: “யாராவது ஒருத்தர் எழுந்து, ‘என் தப்புதான்’னு சொல்லட்டும். நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

வக்கீல் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஓர் அதிகாரி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“தப்பே நடக்காதப்போ யாரும்மா சொல்லுவாங்க?”

“சரி சார். இந்த நியாயம் அரசாங்கத்துக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

“அதையும் தீர்ப்புல எழுதச் சொல்லுங்க.”

எதிர்த்தரப்பே இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. விசாரணைக் குழுத் தலைவரைப் பார்த்தார், தலைவர் தலையசைத்தார். இயந்திரம் தானாக எடுக்கும் முடிவுக்கு அதைச் செய்தவரோ பறக்கவிட்டவரோ, எவராயினும், பொறுப்பல்ல என்று அன்று மாலையே தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

வாசிப்பு முடிவதற்குள் தம்பி எழுந்து விறுவிறுவென்று வெளியேறினான். வக்கீல் காவலர்களைக் கூட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். தூண் மறைவு, கார் நிறுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று; ஆள் இல்லை.

படிக்கட்டில் அவள் மட்டும் தீர்ப்பு நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, உன் தம்பி எங்கேயாவது ஒளிஞ்சிருக்கானா?”

“சேச்சே, அவன் வீட்டுக்குப் போயிட்டான் சார்.”

அவருக்கு மூச்சு சீரானது. காவலர்களைப் போகச் சொன்னார். “நல்ல புத்தி சொல்லி அனுப்பியிருக்கே.”

“ஆமா சார்” என்றாள் அவள். “நான் செஞ்சு வெச்ச மெஷினைப் பறக்கவிடச் சொல்லியிருக்கேன்.”