பாலைவனச் சாலையில் ஒரு புளியமரம்

வண்டி ஓட்டும்போது மேடு வந்தால் கண்ணாயிரம் வேகத்தைக் குறைத்து, பின்னாலிருக்கும் காலிக் கட்டிலிடம், "புடிச்சுக்க, கண்ணகி" என்பார். கல்வராயன் மலை மறைக்காத வெட்டவெளியை ஒருமுறையாவது பார்க்க ஆசைப்பட்டவள் அவர் மனைவி. எண்பத்தேழில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குப் போகும் வழியில், தியாகதுருகம் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரத்தைத் தாண்ட முடியாமல் நின்ற இதே வேனில் அவள் இறந்தாள். இரண்டாண்டுகள் கழித்து வேனில் கட்டிலும் அடுப்பும் வைத்து, சமையலுக்குப் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியை அழைத்துக்கொண்டு, அவர் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு வந்தார்.

அங்கே ஒரு நண்பகலில் சாலையின் குறுக்கே புளியமரம் ஒன்று கிடந்தது. சுற்றிலும் மணல். மரத்தின் இலைகள் வாடவில்லை. அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டையும், நம்மூர் நெடுஞ்சாலைக்காரர்கள் எழுதும் எண்ணும் இருந்தன.

கலியமூர்த்தி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, தியாகதுருகம் ரோட்டுல இத்த வெட்டுனது நாந்தாண்ணே."

"தெரியும்டா. உங்க அண்ணி பின்னாடி காத்துக்கினு இருக்கா. வழிய வுடு."

அவன் விறகுக் கோடாலியை எடுத்தான். பொழுது சாயும்போது வேன் போகுமளவு வழி திறந்தது. பிறகு மண்டியிட்டு, சிதறிக் கிடந்த சிறு சுள்ளிகளையும் தன் துண்டால் ஓரமாகக் கூட்டித் தள்ளினான்.