மூன்றாவது கட்டம்

“இதை உனக்கு யார் சொன்னது?”

மேலதிகாரி நிரஞ்சனா போன வாரம் கேட்ட கேள்வி, இன்னும் இனியாவின் காதில் இருந்தது.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சிங்கப்பூரைப் போலவே ஓர் ஊரில், கொலையும் கொள்ளையுமாக நடக்கும் வீடியோ கேம். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மட்டும். வெளிவருவதற்கு முன்பு அதை விளையாடிப் பார்த்து, எதெல்லாம் நிஜம்போல் இல்லை என்று எழுதித் தர வேண்டும். நோட்டில் மூன்று கட்டங்கள்: காட்சி, தவறு, யார் சொன்னது. நேரில் அறிந்த ஒருவரின் பெயர் மூன்றாவதில் இல்லாவிட்டால் அந்தத் தவறு செல்லாது.

ஐந்து மணிக்குள் ஐந்து தவறுகள். இல்லையென்றால் நாளை முதல் வேலை இல்லை.

மணி நாலு நாற்பது. நோட்டில் இருந்தவை மூன்று.

“பொம்பளப் பிள்ளை பாக்குற கேமா இது?” என்றார் அப்பா தங்கராஜு. சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்தில் இரும்புக் கடை வேலை, இன்று லீவு. மதியத் தூக்கம் கலைந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் கட்டில் இருந்தும் தரையில்தான் படுப்பார். ஏழு வருடம் கப்பலில் இருந்தவருக்கு, கட்டிலில் படுத்தால் இன்னமும் ஆடுவதுபோல் இருக்குமாம்.

“வேலைப்பா இது. அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஏதாவது தப்பாத் தெரியுதா பாருங்க, ப்ளீஸ்.”

“ஆணி விக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா லா இது?” என்றபடி உட்கார்ந்தார்.

திரையில் ஓர் உணவங்காடி. நல்ல கூட்டம்.

“சாப்பாட்டு நேரம். ஒரு மேசையிலகூட டிஷ்யூ பாக்கெட் இல்லையே! இடம் பிடிக்காம எவன் போய் லைன்ல நிப்பான்?”

இனியா சிரித்துவிட்டாள். “செம்மப்பா!”

நான்காவது தவறு. மூன்றாவது கட்டத்தில் ‘என் அப்பா, தினமும் உணவங்காடியில் சாப்பிடுகிறவர்’ என்று எழுதினாள்.

“பாத்தியா? சம்பளத்துல பாதி எனக்கு.”

அடுத்த நிமிடம் அதே உணவங்காடியில் கத்திச் சண்டை. ஒருவன் சரிந்தான். தரையெல்லாம் ரத்தம். அப்பாவின் சிரிப்பு நின்றது.

“குத்தினவன் கை நடுங்கவே இல்லையே” என்றார் மெல்ல.

“சூப்பர் பாயிண்ட்! எழுதட்டுமா? யார் சொன்னதுன்னு போடறது?”

“வேணாம், வேணாம். சும்மா உளறுனேன். மூடு அதை.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுப்பா.”

போலீஸ் வந்தது. விலங்கு மாட்டியது. திரையில் ஒரு சிறை அறை விரிந்தது. இரும்புக் கட்டில், வெள்ளைத் தலையணை, சின்ன ஜன்னல். இனியா மூலை மூலையாகத் தேடினாள். எல்லாமே சரியாகத்தான் பட்டது.

அப்பா சட்டென்று எழுந்தார். “கீழ போய் கோப்பி வாங்கிட்டு வரேன்.”

“அப்பா, மணி நாலு அம்பது!” அவள் நோட்டை நீட்டினாள். “படிப்பும் போச்சு. இதுவும் போச்சுன்னா அம்மா மூஞ்சிய எப்படிப்பா பாப்பேன்?”

வாசலில் செருப்பருகே அவர் நின்றார். ஒரு காலை நுழைத்தார். பிறகு உருவிக்கொண்டார். திரும்பி வந்து திரையைப் பார்க்காமல் சொன்னார்.

“எழுது. கட்டில் கெடையாது. பாய்தான். தலையணையும் கெடையாது. போர்வையைச் சுருட்டித் தலைக்கு வெச்சுக்கணும்.”

இனியா மளமளவென்று எழுதினாள். மணி நாலு ஐம்பத்தைந்து.

“யார் சொன்னதுன்னு போடணும்பா. கப்பல்ல உங்ககூட இருந்தவங்க யாராவதா? பேர் மட்டும் சொல்லுங்க, சீக்கிரம்!”

அப்பா அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினார். குனிந்து, மூன்றாவது கட்டத்தில் அவரே எழுதினார்.

‘தங்கராஜு. ஏழு வருடம்.’

பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.